உளவாளிப் புதிர் கேம்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போனில் ஆடும் உளவாளிப் புதிர் கேம்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலான கேள்விகள் நான்கு கேம்களை ஒட்டியே வருகின்றன: ஏஜென்ட் ஏ, ஃபிரேம்ட், ஹிட்மேன் கோ, டிவைஸ் 6. பூட்டு, சங்கேதம் பற்றிய பதில்கள் இந்த வகையில் எந்த கேமுக்கும் பொருந்தும். எந்த கேமின் விடையையும் இங்கே போட்டு உடைக்கவில்லை, வழிமுறை மட்டும்தான்.

1. உளவாளி கேம்னா துப்பாக்கி எடுத்துச் சுட்டுக்கிட்டே போறதா?

இந்த வகையில் அது கிடையாது. விரல் வேகம் தேவையில்லை, பெரும்பாலும் நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஏஜென்ட் ஏ-வில் ரூபி லா ரூஜ் என்ற எதிரி உளவாளியின் வீட்டுக்குள் நுழைந்து அலமாரி, ஓவியம், பெட்டகம் என்று ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டும். ஃபிரேம்டில் சித்திரக்கதைக் கட்டங்களை வரிசை மாற்றி, பெட்டியோடு ஓடும் ஆளைப் போலீசிடமிருந்து தப்பிக்க வைக்க வேண்டும். ஹிட்மேன் கோ ஒரு பலகை விளையாட்டு: நீங்கள் ஓர் அடி வைத்தால் காவலாளிகளும் தங்கள் அடியை வைப்பார்கள். டிவைஸ் 6 படிக்கும் கேம். அதில் வாக்கியங்களே நடைபாதைபோல் வளைந்து திரும்பும். நீங்களும் போனைத் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டும்.

2. நாலுல எதை முதல்ல ஆடலாம்?

வீட்டைத் துழாவுவது பிடிக்கும் என்றால் ஏஜென்ட் ஏ. மெல்போர்னைச் சேர்ந்த யாக் அண்ட் கோ 2015-இல் இதைத் தொடங்கி, அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டு, 2019-இல் ஐந்தாவதோடு முடித்தது. பஸ்ஸில் போகும்போது ஐந்து நிமிடம் ஆட ஹிட்மேன் கோ (2014) போதும். ஒவ்வொரு பலகையும் தனித்தனி. ஃபிரேம்டும் 2014-இல் வந்ததுதான், அதுவும் மெல்போர்னில் லவ்ஷாக் என்ற சிறிய குழு செய்தது. ஜப்பானின் புகழ்பெற்ற கேம் இயக்குநர் ஹிடியோ கோஜிமா அந்த ஆண்டில் தனக்கு மிகப் பிடித்த கேம் என்று அதைத்தான் சொன்னார். சுவீடனின் மால்மோவிலிருந்து 2013-இல் வந்த டிவைஸ் 6, போன் என்று பார்த்தால் ஐபோன், ஐபேடுக்கு மட்டும்.

3. இங்கிலீஷ் அவ்வளவா வராது. ஆட முடியுமா?

ஃபிரேம்டில் பேச்சே இல்லை. ஹிட்மேன் கோவில் லெவலின் இலக்குகளைச் சொல்லும் சில சொற்கள் மட்டும்தான். இரண்டையும் தாராளமாக ஆடலாம். ஏஜென்ட் ஏ-வில் குறிப்புச் சீட்டுகள், நாயகனின் கிண்டல் வசனங்கள் உண்டு. வசனம் புரியாமல் போனால் சிரிப்புதான் போகும், ஆனால் சீட்டுகளைப் படித்தாக வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் படிக்கலாம். டிவைஸ் 6 வேண்டாம். அதில் புதிரே எழுத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது. மொழிபெயர்த்தால் புதிரும் கூடவே காணாமல் போய்விடும்.

4. பசங்ககிட்ட கொடுக்கலாமா?

ஹிட்மேன் கோவின் கரு ஆளைத் தீர்த்துக்கட்டுவதுதான். ஆனால் திரையில் வருபவை பொம்மைக் காய்கள். வெட்டப்பட்ட செஸ் காய்போலப் பலகைக்கு வெளியே போய் நிற்கும், ரத்தம் இல்லை. ஏஜென்ட் ஏ கார்ட்டூன் பாணி. ஃபிரேம்ட் கொஞ்சம் இருண்டது. வரிசை தப்பினால் ஆள் சுடப்படுவார், விழுவார். ஸ்டோரில் உள்ள வயது மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு, முதல் அரை மணி நேரம் கூட உட்கார்ந்து ஆடுங்கள்.

5. ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல மாட்டிக்கிட்டேன். எங்க இருந்து யோசிக்கணும்?

துப்பிலிருந்து தொடங்காதீர்கள், பூட்டிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அறையில் எதைப் பார்த்தாலும் அது துப்புபோலவே தெரியும். பூட்டு அப்படி இல்லை, தனக்கு என்ன வேண்டும் என்று தானே சொல்லிவிடும். நான்கு இலக்கம் கேட்கும் பூட்டுக்கு நான்கு எண் வேண்டும். ஆறு வண்ணப் பொத்தான்கள் இருந்தால் வண்ணங்களின் வரிசை வேண்டும். மேல், கீழ், இடம், வலம் என்று நகரும் நெம்புகோலுக்கு அம்புக்குறியோ, திசை காட்டும் ஏதோ ஒன்றோ வேண்டும்.

ஒரு தாளை எடுத்து மூடிக் கிடக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள்: பெட்டகம் - மூன்று இலக்கம்; அலமாரி - சாவித் துளை; மீன்தொட்டிக்குப் பின்னால் - நான்கு சின்னங்கள். பிறகு அறையைச் சுற்றினால் கண்ணுக்கு வேலை சுலபம். சுவரில் நான்கு ஓவியங்கள் வெவ்வேறு உயரத்தில் மாட்டியிருந்தால் அது சும்மா அலங்காரமா, அந்த நான்கு சின்னங்களின் வரிசையா என்று உடனே கேட்கத் தோன்றும். பூட்டின் வடிவமும் துப்பின் வடிவமும் பொருந்தாவிட்டால் அந்தத் துப்பு வேறு பூட்டுக்கு உரியது. வலிந்து பொருத்தாதீர்கள்.

6. பையில இருக்கிற சாமானை எல்லாத்து மேலயும் வச்சுத் தேய்ச்சுப் பார்த்துட்டேன். ஒண்ணும் ஆகல.

அப்படியென்றால் ஏதோ ஒன்றை இன்னும் எடுக்கவில்லை. தவறவிடும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: திறந்த இழுப்பறைக்குள் இன்னொரு முறை தட்டாதது, திரையின் ஓரத்தில் பாதி தெரியும் பொருள், ஏற்கெனவே புதிர் முடிந்த அறையில் பிறகு மாறிய ஒன்று. எங்காவது மின்சாரம் வந்தது, தண்ணீர் வடிந்தது என்றால் பழைய அறைகளையெல்லாம் மறுபடி ஒரு சுற்று பாருங்கள்.

இந்த வகை கேம்களில் பெரும்பாலும், வேலை முடிந்த பொருள் பையிலிருந்து தானாக மறைந்துவிடும். ஒரு தடவை பயன்படுத்திய பிறகும் ஸ்குரூடிரைவர் பையிலேயே இருக்கிறதென்றால் அதற்கு இன்னொரு வேலை பாக்கி. எங்கோ திருகாணி இருக்கிறது என்று அர்த்தம்.

7. கீபேட்ல எந்தெந்த எண்ணுன்னு தெரியுது, வரிசை தெரியல. எல்லாத்தையும் போட்டுப் பார்க்கலாமா?

தேய்ந்த பொத்தான், கைரேகைப் பொடி, எண்ணெய்க் கறை என்று பல உருவத்தில் வரும் புதிர் இது. நான்கு இலக்கப் பூட்டில் நான்கு வெவ்வேறு எண்கள் தெரிந்தால் 24 வரிசைகள். தலைக்கு ஐந்து விநாடி என்றாலும் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்று பொத்தான்கள் மட்டும் தேய்ந்திருந்தால் எளிது என்று தோன்றும். ஆனால் ஒன்று இரண்டு முறை வருகிறது, எது என்று தெரியாது. எனவே 36 வரிசைகள். இரண்டே பொத்தான்கள் என்றால் 14.

எண்ணே தெரியாமல் இறங்காதீர்கள். 10,000 வாய்ப்புகள் இருக்கின்றன. தலைக்கு மூன்று விநாடி வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல். சில கேம்களில் மூன்று தப்புக்குப் பிறகு அலாரம் அடித்து அறையின் வாசலுக்கே அனுப்பிவிடும். அப்படி வந்தால் வரிசைக்கும் துப்பு எங்கோ இருக்கிறது என்று பொருள்.

8. யூடியூப்ல பார்த்த பூட்டு எண்ணை அப்படியே போட்டேன். திறக்க மாட்டேங்குது. இது பக்-ஆ (கேமோட கோளாறா)?

பக் இல்லை. பல கேம்கள் ஒவ்வொரு புதிய ஆட்டத்திலும் எண்களைக் குலுக்கிப் போடுகின்றன. வீடியோவில் உள்ள எண் அவர்களுடைய ஆட்டத்துக்குத்தான். வீடியோவைப் பார்ப்பதானால் எண்ணை விட்டுவிட்டு, அவர்கள் எந்தப் பொருளைப் பார்த்து அந்த எண்ணை எடுத்தார்கள் என்று கவனியுங்கள். இன்னொரு வாய்ப்பும் உண்டு: துப்பை நீங்கள் நேரில் பார்க்கும்வரை பூட்டு திறக்காதபடி சில கேம்களில் செய்திருப்பார்கள்.

9. பெட்டக டயலைச் சுத்தறேன், எண்ணுல நிக்கவே மாட்டேங்குது.

விரலை டயலின் நடுப்பக்கம் வைத்துச் சுற்றினால் லேசாக அசைந்தாலும் பல எண்கள் தாண்டும். டயலைத் தொட்டபின் விரலைத் திரையிலிருந்து எடுக்காமல் மெல்ல வெளிப்பக்கம் இழுத்து, திரையின் ஓரம்வரை கொண்டுபோய்ப் பெரிய வட்டமாகச் சுற்றுங்கள். அங்கே ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் டயல் கொஞ்சம்தான் திரும்பும். எண்ணைத் தாண்டிவிட்டால் பின்னால் இழுக்காதீர்கள். திசை மாறியதும் அதை அடுத்த எண்ணாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். சுழியத்துக்குப் போய் முதலிலிருந்து வாருங்கள். முதல் எண்ணுக்கு எந்தப் பக்கம் என்று துப்பில் இல்லாவிட்டால் வலம், இடம், வலம். அதுவும் சரிவராவிட்டால் நேர்மாறாக.

10. ஒரு விளக்கு விட்டு விட்டு எரியுது. மோர்ஸ்னு தெரியுது, ஆனா பிடிக்க முடியல.

மோர்ஸ் என்பது குறுகிய ஒளியைப் புள்ளியாகவும் நீண்ட ஒளியைக் கோடாகவும் வைத்து எழுத்துகளைச் சொல்லும் முறை. அதை நேரலையில் பிடிக்க முயலாதீர்கள். போனிலேயே திரையைப் பதிவு செய்யும் வசதி இருக்கும்: ஆண்ட்ராய்டு 11 முதலும், ஐபோனில் ஐஓஎஸ் 11 முதலும். பதிவு செய்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கோடு புள்ளியைவிட மூன்று மடங்கு நீளம். ஒரே எழுத்துக்குள் வரும் இடைவெளி ஒரு புள்ளி நேரம், இரண்டு எழுத்துகளுக்கு நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு. எல்லோரும் சறுக்குவது இந்த இடைவெளியில்தான். அதனால் எரியும் நேரத்தோடு அணையும் நேரத்தையும் எழுதுங்கள்.

பூட்டு எண் கேட்கிறதென்றால் (5-வது பதில்) வேலை பாதிதான், ஏனெனில் எண்கள் எல்லாவற்றுக்கும் ஐந்தைந்து குறிகள். 1 என்பது ஒரு புள்ளி, நான்கு கோடு. 2 என்றால் இரண்டு புள்ளி, மூன்று கோடு. இப்படியே போய் 5 என்பது ஐந்தும் புள்ளி. 6-இலிருந்து கோடு முன்னால் வரும்: ஒரு கோடு, நான்கு புள்ளி. 9 என்றால் நான்கு கோடு, ஒரு புள்ளி. 0 ஐந்தும் கோடு. முழு அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

11. சீட்டுல அர்த்தமே இல்லாத எழுத்து, கோடு, எண்ணெல்லாம் இருக்கு. எந்த சங்கேதம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

தோற்றத்தைப் பாருங்கள். 1 முதல் 26 வரையான எண்கள் மட்டும் இருந்தால் ஆங்கில எழுத்துகளின் வரிசை எண்: 1 என்றால் ஏ, 26 என்றால் இஸட். 1 முதல் 5 வரையான எண்கள் மட்டும் இரட்டை இரட்டையாக வந்தால் பாலிபியஸ் கட்டம்: ஐந்துக்கு ஐந்து, 25 அறைகள், ஐ-யும் ஜே-யும் ஒரே அறையில். முதல் எண் வரிசை, அடுத்தது நெடுக்கு. மூன்று மூன்றாக எண்கள், பக்கத்தில் ஒரு புத்தகம் என்றால் பக்கம், வரி, சொல். உடைந்த கட்டம்போலக் கோடுகள், சிலவற்றுக்குள் புள்ளி என்றால் பிக்பென்: ஒன்பது அறைக் கட்டம் இரண்டு, எக்ஸ் வடிவம் இரண்டு, ஆக 26 எழுத்துகள்.

வெறும் எழுத்துகள் மட்டும் என்றால் முதலில் சீசர் முறை. ஜூலியஸ் சீசர் மூன்று எழுத்து தள்ளி எழுதியதாகச் சொல்வார்கள். கேம்களிலும் மூன்றுதான் அதிகம். எஸ், ஏ, எஃப், இ என்பது வி, டி, ஐ, எச் ஆகும். படிக்கும்போது மூன்று பின்னால் போக வேண்டும். தனியாக நிற்கும் ஓரெழுத்துச் சொல் இருந்தால் அது ஏ அல்லது ஐ ஆகத்தான் இருக்கும். அதை வைத்தே எத்தனை தள்ளல் என்று தெரிந்துவிடும்.

12. சீசர்ல 25 தள்ளலும் போட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணும் வரல.

அப்போது ஒரே தள்ளல் இல்லை, பெரும்பாலும் சாவிச்சொல் இருக்கும். இது விஜினெர் முறை. இங்கே ஏ-யை 0 என்று வைத்து எண்ண வேண்டும். சாவிச்சொல் ஆர், இ, டி என்றால் முதல் எழுத்து 17 தள்ளல், அடுத்தது 4, மூன்றாவது 3, நான்காவதுக்கு மறுபடி 17. மேலே சொன்ன அதே எஸ், ஏ, எஃப், இ இப்போது ஜே, இ, ஐ, வி ஆகிவிடும். சாவி இல்லாமல் கையால் உடைக்க உட்காராதீர்கள். கேமில் அந்தச் சொல் கண்ணெதிரே இருக்கும்: நாய்ப்பட்டையில் பெயர், மது பாட்டிலின் லேபிள், வில்லியின் முதல் எழுத்துகள்.

13. ஒரு விளக்கைத் தட்டினா பக்கத்து விளக்கும் மாறுது. இந்தப் பலகை பைத்தியம் பிடிக்க வைக்குது!

இரண்டு உண்மைகளைப் பிடித்துக்கொண்டால் போதும். எந்த வரிசையில் தட்டினாலும் முடிவு ஒன்றே. ஒரே பொத்தானை இரண்டு முறை தட்டினால் தட்டாததற்குச் சமம். ஆகவே ஒவ்வொரு பொத்தானுக்கும் கேள்வி ஒன்றுதான்: தட்டுவதா, வேண்டாமா.

மூன்றுக்கு மூன்று பலகையில் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும், தட்டினால் அதுவும் மேல், கீழ், இட, வலப் பக்கத்து விளக்குகளும் மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையின் மூன்று பொத்தான்களைத் தட்டுவதற்கு எட்டே வழிகள். எதையும் தட்டாததும் அதில் ஒன்று. ஒரு வழியைத் தேர்ந்தபின், முதல் வரிசையில் எரியும் ஒவ்வொரு விளக்குக்கும் நேர் கீழே உள்ள பொத்தானைத் தட்டுங்கள். அதேபோல் இரண்டாம் வரிசைக்கு மூன்றாம் வரிசை. கடைசி வரிசையும் அணைந்துவிட்டால் முடிந்தது. இல்லாவிட்டால் பலகையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து அடுத்த வழி. எட்டில் ஒன்று கட்டாயம் சரியாக வரும், ஒன்றே ஒன்றுதான் வரும்.

14. படத்துண்டை நகர்த்துற புதிர்ல கடைசி ரெண்டு துண்டு எப்பவும் மாறியே நிக்குது.

மேல் வரிசையை இடமிருந்து ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போனால் மூலைத் துண்டு எப்போதும் தகராறு செய்யும். மூன்றுக்கு மூன்றில், முதல் துண்டை வைத்தபின் மூன்றாவது துண்டை வேண்டுமென்றே நடு இடத்தில் வையுங்கள். இரண்டாவது துண்டை அதற்கு நேர் கீழே கொண்டு வாருங்கள். காலி இடத்தை மேல் வலது மூலைக்கு வரவழைத்து, மூன்றாவதை வலப்பக்கம் தள்ளி, இரண்டாவதை மேலே ஏற்றுங்கள். இரண்டும் ஒருசேர அமர்ந்துவிடும். பிறகு இடது நெடுக்கையையும் இதே உத்தியில் முடித்தால், மிஞ்சும் இரண்டுக்கு இரண்டு சும்மா சுற்றியே சரியாகிவிடும்.

எல்லாம் சரியாகி இரண்டு துண்டுகள் மட்டும் இடம் மாறி நின்றால் ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு துண்டுகளை மாற்றி வைத்திருக்கிறீர்கள். வெறும் வானம், வெறும் சுவர் உள்ள துண்டுகளில்தான் இது நடக்கும்.

15. ஹிட்மேன் கோல ரோந்து போற காவலாளியைப் பிடிக்கவே முடியல. எப்பவும் ஒரு அடி தப்பாவே வருது. முன்னும் பின்னும் நடந்து காத்திருந்தாலும் அதே கதை.

பலகையின் புள்ளிகளுக்குச் செஸ் பலகைபோலக் கறுப்பு, வெள்ளை என்று மனத்தில் மாற்றி மாற்றி நிறம் கொடுங்கள். நீங்கள் ஓர் அடி வைத்தால் உங்கள் நிறம் மாறும். ரோந்துக்காரரும் ஒவ்வொரு முறையும் ஓர் அடி வைப்பதால் அவர் நிறமும் மாறும். ஆகவே உங்கள் முறை வரும்போது இருவரும் ஒரே நிறத்தில் நின்றால், எத்தனை சுற்று போனாலும் ஒரே நிறத்தில்தான் நிற்பீர்கள். அடுத்த புள்ளி எப்போதும் மாற்று நிறம் என்பதால் அவர்மேல் உங்களால் பாயவே முடியாது, அவரால் மட்டும் உங்களைப் பிடிக்க முடியும். இருவரும் வேறு நிறம் என்றால் தலைகீழ்: நீங்கள் பிடிக்கலாம், அவர் பிடிக்க முடியாது. முன்னும் பின்னும் நடந்து நேரம் கடத்துவதால் இந்தக் கணக்கு மாறாது.

கணக்கைக் கலைப்பதற்கான வழி பலகையிலேயே இருக்கும். ரகசியக் கதவு ஒரே நகர்வில் தூரத்துப் புள்ளியில் கொண்டுவிடும். கல் எறிந்தால் காவலாளி சத்தம் வந்த இடத்துக்குத் திரும்புவார். இரண்டும் இல்லாத பலகையில் ஒரே நிறத்தில் நிற்கும் ஆளைத் துரத்தாதீர்கள், அவரைத் தவிர்த்துப் போவதுதான் வழி. அசையாமல் நிற்கும் காவலாளிக்கு இந்தக் கணக்கு இல்லை. அவருக்கு நேர் முன்னால் உள்ள புள்ளியில் மட்டும் கால் வைக்காமல், பக்கவாட்டிலோ பின்னாலோ வந்தால் போதும்.

16. நிறத்தை எல்லாம் சரியாத்தான் வச்சேன். இருந்தும் தப்புங்குது.

கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று போனில் இரவு வெளிச்ச வசதியைப் போட்டு வைத்திருப்பீர்கள். அது திரை முழுவதையும் மஞ்சளாக்கும். வெள்ளைக் கம்பியும் மஞ்சள் கம்பியும் ஒன்றுபோலத் தெரியும். அதை நிறுத்தி, வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்கள் போன் அமைப்பில் அணுகல் பகுதியிலுள்ள நிறத்திருத்தத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

ஒலிப் புதிரிலும் இதே கதை. ஒற்றைக் காதில் மட்டும் இயர்போன் மாட்டியிருந்தாலோ, இரு காதுக்கும் ஒரே ஒலியைத் தரும் மோனோ ஒலி இயங்கிக்கொண்டிருந்தாலோ சத்தம் இடப்பக்கமிருந்து வருகிறதா வலப்பக்கமா என்று தெரியாது. போனைச் சாய்த்தால் உருளும் புதிர் விலை குறைந்த போனிலும் ஓடும். ஆளோடு சேர்ந்து சுழலும் புதிருக்கு, சுழற்சியை உணரும் ஜைரோஸ்கோப் வேண்டும்; அது எல்லாப் போனிலும் இருக்காது.

17. இடம் பத்தலன்னு கிளீன் பண்ணினேன், ஆட்டம் முதல்ல இருந்து ஆரம்பிக்குது.

ஆண்ட்ராய்டில் கிளியர் கேச் அழுத்தினால் ஆட்டம் போகாது. கிளியர் ஸ்டோரேஜ் அழுத்தினால் சேவ் உட்பட எல்லாம் போய்விடும். ஐபோனில் ஆப்பை ஆஃப்லோட் செய்தால் சேவ் தங்கும், டெலிட் செய்தால் தங்காது. இணையத்தில் சேமித்து வைக்கும் கிளவுட் சேவ் உள்ள கேம் என்றால் மட்டும் திரும்பக் கிடைக்கும். அதை நம்புவதற்கு முன் கேமின் அமைப்பில் அந்தக் குறி இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

18. காசு கொடுத்து வாங்கிப் பிடிக்கலைன்னா? கேமையே ஸ்டோர்ல இருந்து எடுத்துட்டா?

பிளே ஸ்டோரில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேம் ஸ்டோரிலிருந்தே போவதும் நடக்கும். ஹிட்மேன் கோவைச் செய்த மான்ட்ரியல் குழு ஓனோமா என்று பெயர் மாறி 2022-இல் மூடப்பட்டது. அவர்களுடைய இன்னொரு கேமான டியஸ் எக்ஸ் கோ 2023 ஜனவரியில் நீக்கப்பட்டது. பழைய ஐபோன் கேம்களில் புதுப்பிக்கப்படாத 32-பிட் கேம்கள் எல்லாம் 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததோடு நின்றுபோயின. பிடித்த கேமை இப்போதே ஆடி முடித்துவிடுங்கள்.

19. தமிழ்லயே சங்கேதம் போட்டுத் தங்கச்சிக்குப் புதிர் கொடுக்கணும். சீசர் முறை தமிழ்ல வேலை செய்யுமா?

செய்யும். 247 எழுத்துகளையும் வரிசையாகத் தள்ள வேண்டாம், குழம்பிவிடும். 18 மெய்களை மட்டும் தள்ளுங்கள், உயிர்க்குறியையும் புள்ளியையும் அப்படியே விட்டுவிடுங்கள். வரிசை க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ஒரு தள்ளலில் சாவி என்பது ஞாழி ஆகும், பணம் என்பது மதய் ஆகும். வாயால் சொல்லக்கூடிய சொல்லாகவே வருவதால், எழுத்துக்கு எழுத்து முன்னால் க போட்டுப் பேசும் க பாஷையைவிட இது கேட்க வேடிக்கையாக இருக்கும்.

ஆனால் இது எளிதில் உடையும். மொத்தமே 17 தள்ளல்கள்தான். தவறான தள்ளலில் ழ, ண, ற போன்றவற்றில் தொடங்கும் சொற்கள் வந்து நிற்கும். தமிழில் சொற்கள் அப்படித் தொடங்காது என்பதால் அவற்றை உடனே ஒதுக்கிவிடலாம். உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களும் முதலெழுத்து மாறாமல் அப்படியே காட்டிக்கொடுக்கும். அதனால் உயிரில் தொடங்காத சொற்களாக எடுங்கள், சொற்களுக்கு இடையே இடைவெளி விடாமல் சேர்த்து எழுதுங்கள். இன்னும் கடினமாக வேண்டுமென்றால் 12-வது பதிலில் சொன்ன சாவிச்சொல்லைத் தமிழில் வைத்து, அந்தச் சொல்லை வீட்டுக் காலண்டரின் பின்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.